பாசியை மேய்வது யார்?

கடல் பூங்கா என்று பேச்செடுத்தால் முதலில் வந்து நிற்பது எண்ணிக்கைதான். மன்னார் வளைகுடாவா? 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர், 3,600க்கும் மேற்பட்ட உயிரினங்கள், 117 வகைப் பவளங்கள். அறிவிப்புப் பலகையிலிருந்து போட்டித் தேர்வுக் கையேடு வரை எல்லாம் இதையே ஒப்பிக்கும். எண்களில் பெரிய பிழை இல்லை. ஆனால் இவற்றை வைத்துக்கொண்டு அந்தக் கடல் நன்றாக இருக்கிறதா என்று சொல்ல முடியாது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரும் கடலில் ஏதோ ஒரு வேலையைச் செய்கிறது. அந்த வேலை நடக்கிறதா, எவ்வளவு நடக்கிறது, செய்பவர் போய்விட்டால் அடுத்து யார் என்பதைப் பட்டியல் காட்டாது. கடல்சார் பாதுகாப்புப் பகுதிகளை ஆராய்பவர்கள் கடந்த முப்பது ஆண்டுகளாக இந்தக் கேள்விகளைத்தான் அதிகம் கேட்கிறார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் செயல்பாட்டுப் பல்லுயிர்ப்பெருக்கம். பெயர் கொஞ்சம் மிரட்டும், விஷயம் எளிது.

விஷயத்தை உலகுக்குப் புரியவைத்தது ஜமைக்கா. கரீபியன் கடலில் உள்ள அந்தத் தீவைச் சுற்றி 1970களில் நல்ல பவளத்திட்டுகள் இருந்தன. 1977இல் கடலடிப் பரப்பில் 52 சதவீதம் உயிருள்ள பவளம். பெரும்பாசி வெறும் 4 சதவீதம். 1990களின் தொடக்கத்தில் கணக்கு தலைகீழானது. பவளம் 3 சதவீதத்துக்கு இறங்கியது, பாசி 92 சதவீதத்துக்கு ஏறியது. டெரி ஹியூஸ் 1994இல் 'சயின்ஸ்' இதழில் இந்தச் சரிவை விவரித்து எழுதிய கட்டுரை இன்றும் இத்துறை மாணவர்கள் படிக்கும் முதல் பாடங்களில் ஒன்று.

நடந்தது இதுதான். ஜமைக்கா மீனவர்கள் பல பத்தாண்டுகளாகக் கம்பிக்கூடு வைத்துத் திட்டு மீன்களைப் பிடித்துவந்தார்கள். 1960களின் இறுதிக்குள் பாசி மேயும் பெரிய மீன்கள் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டன. ஆனாலும் பவளம் கெடவில்லை. ஏனென்றால் மீன்கள் விட்ட வேலையை டயடீமா என்ற நீண்ட கறுப்பு முட்கள் கொண்ட கடல் முள்ளெலி எடுத்துக்கொண்டது. போட்டிக்கு மீனும் இல்லை, தின்பதற்கு எதிரியும் அதிகம் இல்லை. அது பெருகிப் பாறையைச் சுரண்டிச் சுத்தமாக வைத்திருந்தது. 1980இல் ஆலன் சூறாவளி பவளங்களை நொறுக்கிப் போட்டபோதுகூட, முள்ளெலி மேய்ந்த இடங்களில் புதுப்பவளங்கள் முளைவிடத் தொடங்கின. 1983 தொடக்கத்தில் பனாமா கால்வாயின் கரீபியன் முனையருகே முள்ளெலிகளுக்கு ஒரு நோய் வந்தது. நீரோட்டத்தோடு பரவி ஓராண்டுக்குச் சற்று மேல் ஆவதற்குள் கரீபியன் முழுவதும் டயடீமாக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் செத்தன. பாசி எழுந்தது. அதை அடக்க ஆளில்லை.

பாசி ஏன் பவளத்துக்கு எமன் என்று கேட்கலாம். பவளம் மெதுவாக வளரும். பாசி வேகமாக வளரும். இரண்டுக்கும் வேண்டியது ஒரே வெளிச்சம், ஒரே இடம். பவளத்தின் குஞ்சுப்பருவம் நீரில் மிதந்து வந்து உட்காரச் சுத்தமான கெட்டிப்பரப்பைத் தேடும். அங்கே பாசி மெத்தை விரித்திருந்தால் உட்கார இடமில்லை. ஆக, ஒரு புயலோ வெப்ப அலையோ பவளத்தைக் கொன்றபின் அந்த இடத்தில் மறுபடி பவளம் வருமா, பாசி வருமா என்பதை முடிவுசெய்வது மேய்ச்சல்தான்.

ஒரு மருத்துவமனையில் நூறு டாக்டர்கள் இருக்கலாம். மயக்க மருந்து கொடுப்பவர் ஒருவர்தான் என்றால், அவர் விடுப்பு எடுக்கும் நாளில் அறுவை அரங்கைப் பூட்டவேண்டியதுதான். ஜமைக்காவின் நிலையும் அதுதான். 1982இல் அங்கே போயிருந்தால் மேய்ச்சல் சீராக நடப்பதாகவே எவரும் எழுதியிருப்பார்கள், நடந்துகொண்டும் இருந்தது. மாற்று ஆள் இல்லை என்பது மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. மீன்வளம் அழிந்தும் பவளம் நன்றாக இருந்ததால், மீனைப் பிடிப்பதால் பவளத்துக்கு ஒன்றும் ஆகாது என்ற எண்ணத்துக்குக்கூட அது இடம் கொடுத்திருக்கும். டயடீமா இன்னமும் பழைய அளவுக்கு மீளவில்லை. 2022இல் இன்னொரு கொள்ளைநோய் வந்து மீண்டும் ஏராளமானவற்றைக் கொன்றது.

இதில் இரண்டு தனித்தனிச் சங்கதிகள் உண்டு. ஒரே வேலையைச் செய்ய எத்தனை இனங்கள் இருக்கின்றன என்பது ஒன்று. அந்த இனங்கள் ஒரே ஆபத்தில் ஒன்றாகச் சாகுமா, வெவ்வேறு ஆபத்துகளில் வெவ்வேறாகச் சாகுமா என்பது இன்னொன்று. மீனும் முள்ளெலியும் ஒன்றுக்கொன்று நல்ல மாற்று. மீனைக் கொல்லும் கூடு முள்ளெலியைத் தொடாது, முள்ளெலியைக் கொல்லும் நோய் மீனை அண்டாது. இரண்டும் இருந்திருந்தால் 1983 ஒரு கெட்ட வருடமாக மட்டும் கடந்து போயிருக்கும். இரண்டாவது சங்கதியைப் பெரும்பாலான விளக்கங்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. என் பார்வையில் அதுதான் முக்கியம். நம் கடலுக்கு வரும்போது இதை மறுபடி எடுப்பேன்.

வேலையை எப்படி வகைப்படுத்துவது? மீன்களைப் பொறுத்தவரை ஆறு குணங்களை ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்: உடல் அளவு, என்ன தின்கிறது, எவ்வளவு தூரம் நடமாடுகிறது, பகலில் இயங்குமா இரவிலா, தனியாகவா கூட்டமாகவா, நீரின் எந்த மட்டத்தில் வாழ்கிறது. ஆறும் ஒத்துப்போகும் இனங்களை ஒரே வேலைக்காரர் குழுவாக வைக்கிறார்கள். தாவீத் முயோவும் சகாக்களும் 2014இல் உலகின் 6,316 வெப்பமண்டலத் திட்டு மீன் இனங்களை இப்படிப் பிரித்துப் பார்த்தார்கள். சில குழுக்களில் இனங்கள் மொய்த்துக் கிடந்தன. மறுபக்கம், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான குழுக்களில் ஒரே ஒரு இனம்தான் இருந்தது. மீன் வகை மிகுந்த இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கடல்களிலும் நிலைமை அதுவே. இனங்கள் அதிகமாக இருப்பதால் எல்லா வேலைக்கும் ஆள் இருக்கிறது என்று நம்பியிருந்தவர்களுக்கு இது கசப்பான செய்தி.

மேய்ச்சல் என்று பொதுவாகச் சொன்னேனே தவிர, அதுவும் ஒரே வேலை இல்லை. கிளிமீன் அலகு போன்ற பற்களால் பாறையைச் சுரண்டுகிறது. பாசியோடு சுண்ணாம்பும் பெயர்ந்து வரும். அது அரைத்து வெளித்தள்ளுவதுதான் பல தீவுக் கடற்கரைகளின் வெள்ளை மணல். பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் வாழும் திமில்தலைக் கிளிமீன் ஒன்றே ஒன்று ஆண்டுக்கு ஐந்து டன்னுக்கும் மேல் திட்டைக் கடித்துத் தின்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பவளத்தை உடைக்கும் மீனைப் பவளத்தின் நண்பன் என்பது முரணாகத் தோன்றும். அது சுரண்டிவிட்ட வெற்றுப்பரப்பில்தான் அடுத்த தலைமுறைப் பவளம் உட்காருகிறது. சர்ஜன் மீன்களும் ஓரா இனங்களில் பலவும் வேறு மாதிரி. புல்வெட்டுவதுபோல மேலே தளிர்க்கும் குறும்பாசியை நறுக்கித் தின்னும். அதனால் பாசி பெரிதாக வளரவே விடாது. ஆனால் ஒருமுறை பாசி முழங்கால் உயரம் வளர்ந்து இலை தடித்துவிட்டால் இவற்றில் பெரும்பாலானவை அதைத் தொடாது. முற்றிய பாசியைத் தின்பதற்கென்று வேறு சில மீன்கள் வேண்டும். முன்னவை நோயைத் தடுக்கும். பின்னவைதான் வந்த நோயைத் தீர்க்கும்.

இந்தத் 'தீர்க்கும்' மீன் எது என்று கண்டுபிடிக்கப் போய் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வாங்கிக்கட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. கிரேட் பேரியர் ரீஃபில் ஆர்ஃபியஸ் தீவருகே டேவிட் பெல்வுட், டெரி ஹியூஸ், ஆண்ட்ரூ ஹோயி மூவரும் பவளத்திட்டின் சில பகுதிகளைக் கூண்டு போட்டு அடைத்து, மூன்று ஆண்டுகள் பெரிய மீன்கள் நுழையாதபடி வைத்திருந்தார்கள். உள்ளே சர்காசம் என்ற பாசி காடாக எழுந்தது. பிறகு கூண்டை அகற்றிவிட்டுக் காமிரா வைத்துக் காத்திருந்தார்கள். அந்த வட்டாரத்தில் பாசி தின்னும் மீன்களாகப் பதிவானவை 43 இனங்கள். அவை வந்தன, ஓரத்தைக் கொறித்தன, போயின. பாசிக்காட்டை மொட்டையடித்தது பிளாட்டாக்ஸ் பின்னாட்டஸ் என்ற தட்டையான, தாம்பாளம்போல அகன்ற மீன். சிறு கடலடிப் பிராணிகளைத் தின்பது என்றுதான் நூல்களில் எழுதி வைத்திருந்தார்கள். அங்கே அது எண்ணிக்கையிலும் குறைவு. 2006இல் வெளியான அந்த ஆய்வு இந்த மீனைத் 'தூங்கும்' வேலைக்காரர் என்றது. சாதாரண நாளில் அது அந்த வேலையைச் செய்யாது. தேவை வந்த நாளில் அது ஒன்றுதான் செய்தது.

இந்த ஆய்வு செயல்பாட்டு அணுகுமுறைக்கு ஆதரவு என்றுதான் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு இது அந்த அணுகுமுறைக்கே போட்ட கடிவாளமாகவும் படுகிறது. வேலைதான் முக்கியம் என்று ஆனபின், ஒரே வேலையைப் பத்து இனங்கள் செய்தால் எட்டு போனாலும் பரவாயில்லை என்று ஒரு மேலாளருக்குத் தோன்றலாம். யாருக்கு என்ன வேலை என்பது நமக்கு முழுதாகத் தெரியும் என்றால் அந்தக் கணக்கு சரி. உலகிலேயே அதிகம் ஆராயப்பட்ட பவளத்திட்டில், துறையின் முன்னணி ஆய்வாளர்களுக்கே அது தெரிந்திருக்கவில்லை. ஆகவே உபரியாகத் தோன்றுவதையும் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொரு பொறி உடல் அளவு. கிளிமீன் வளர வளர அதன் வாய் அகலமும் கடியின் ஆழமும் உடல் நீளத்தைவிட வேகமாகக் கூடும். நன்கு வளர்ந்த ஒரு கிளிமீன் சுரண்டும் பரப்பை ஈடுகட்ட, அதில் பாதி நீளம்கூட இல்லாத மீன்கள் பத்துக்கணக்கில் வேண்டும். மீன்பிடிப்பு முதலில் எடுப்பது பெரியவற்றை. கிளிமீன்கள் இரவில் பாறை இடுக்கில் தூங்குபவை. டார்ச்சும் ஈட்டியும் கொண்டு இறங்கினால் பறிப்பதுபோல எடுக்கலாம். பெரியவை போனபின்னும் இனம் பட்டியலில் இருக்கும். எண்ணிப் பார்த்தால் தலைகளும் குறையாமல் இருக்கலாம். வேலை மட்டும் நின்றுபோயிருக்கும். கணக்கெடுப்பில் எத்தனை மீன் என்று மட்டும் எழுதி, எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதாமல் விட்டால் இந்த இழப்பு பிடிபடாது.

பாதுகாப்புப் பகுதி அறிவித்தால் வேலை திரும்புமா? திரும்பிய இடங்கள் உண்டு. பஹாமாஸில் எக்ஸூமா கடல் பூங்காவில் 1986இல் மீன்பிடிப்பு முழுதாக நிறுத்தப்பட்டது. களவாய் போன்ற வேட்டை மீன்கள் பெருகின. அவை கிளிமீனைத் தின்றுவிடுமே, மேய்ச்சல் குறையுமே என்று ஒரு நியாயமான கவலை எழுந்தது. பீட்டர் மம்பியின் குழு 2006இல் அளந்து பார்த்தபோது சிறிய கிளிமீன் இனங்கள் சற்று அடிவாங்கியிருந்தன. ஆனால் பெரிய இனங்கள் வாய்க்குள் அடங்காத அளவுக்கு வளர்ந்து தப்பித்துக்கொண்டன. மொத்தத்தில் மேய்ச்சல் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது. உடல் அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைப்பது கடினம்.

நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கு வடக்கே லீ என்ற ஊரில் 1975இல் அமைந்த காப்பகம் வேறொன்றைக் காட்டுகிறது. அது குளிர்கடல், அங்கே பாசிதான் காடு. கெல்ப் என்னும் அந்தப் பெரும்பாசிக் காட்டை முள்ளெலிகள் தின்று பாறையை மொட்டையாக்கியிருந்தன. ஜமைக்காவில் காவலனாக இருந்த பிராணி அங்கே அழிப்பவன் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு வேலை நல்லதா கெட்டதா என்பது எந்தக் கடல், எவ்வளவு அளவு என்பதைப் பொறுத்தது. பிடிப்பு நின்றதும் ஸ்னாப்பர் மீன்களும் சிங்கிறால்களும் பெருகி முள்ளெலியைத் தின்னத் தொடங்கின. கெல்ப் திரும்பியது. ஆனால் அதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் பிடித்தன. ஐந்தாண்டுத் திட்டத்தின் முடிவில் மதிப்பீட்டுக் குழு போயிருந்தால் 'பலன் இல்லை' என்று எழுதிவிட்டு வந்திருக்கும். இன்னொரு பாடமும் உண்டு. அந்தக் காப்பகம் ஐந்தரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லை. சிங்கிறால்கள் இரைதேடி எல்லைக்கு வெளியே போகும்போது அங்கே பொறிகள் காத்திருக்கின்றன. உள்ளேயே அவற்றின் எண்ணிக்கை சரிந்துவிட்டதைப் பிந்தைய கணக்கெடுப்புகள் காட்டின.

கிரகாம் எட்கர் தலைமையில் 2014இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு உலகெங்கும் 87 பாதுகாப்புப் பகுதிகளை ஒப்பிட்டது. மீன்பிடிப்பு முழுத் தடை, உண்மையான கண்காணிப்பு, பத்து ஆண்டுக்கு மேல் வயது, நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, சுற்றிலும் ஆழநீரோ மணலோ இருந்து தனித்திருப்பது என்று ஐந்து தகுதிகளைப் பார்த்தார்கள். நான்கோ ஐந்தோ இருந்த இடங்களில் பலன் கண்கூடு. ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்தவை, பாதுகாப்பே இல்லாத கடலிலிருந்து வேறுபடவில்லை. அந்த 87இல் பாதிக்கு மேல் இந்தக் கடைசி வகை. 2030க்குள் கடலில் 30 சதவீதத்தைப் பாதுகாப்போம் என்று 2022இல் மாண்ட்ரியலில் நாடுகள் ஒப்புக்கொண்டதைப் படிக்கும்போது இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 30 என்பது பரப்பு. வேலையின் அளவு இல்லை.

மன்னார் வளைகுடாவுக்கு வருவோம். 1986இல் அறிவித்த தேசியப் பூங்கா, ஆகவே வயது போதும். பரப்பும் காகிதத்தில் போதும். ஆனால் அது ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை தீவுகளைக் கோத்துக்கொண்டு போகும் ஒரு மெல்லிய பட்டை. தீவுகள் கரையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள். கரையெங்கும் மீனவ ஊர்கள். எல்லையோ, தீவின் கரைப்பக்கம் மூன்றரைப் பாகம் ஆழம், கடற்பக்கம் ஐந்து பாகம் ஆழம் என்று வகுக்கப்பட்டது. பாகக்கணக்கு மீனவருக்குப் புரியும். மீனுக்குப் புரியாது. பகலில் திட்டில் மேய்வது இரவில் எங்கே போகிறது, குஞ்சாக இருந்தபோது எங்கே வளர்ந்தது என்பதெல்லாம் அந்தக் கோட்டைத் தாண்டிய விஷயம்.

குஞ்சுகள் வளரும் இடம் போனால் என்ன ஆகும் என்பதற்கும் கரீபியனில் சான்று இருக்கிறது. அட்லாண்டிக்கின் மிகப்பெரிய பாசியுண்ணி மீனான வானவில் கிளிமீன் தன் இளம்பருவத்துக்கு அலையாத்திக் காட்டை நம்பியிருக்கிறது. அலையாத்தியை வெட்டிய இடங்களில், பவளத்திட்டு அப்படியே இருந்தும், அந்த மீன் அற்றுப்போனதை 2004இல் மம்பியின் குழு பதிவு செய்தது. நம் பக்கத்தில் அலையாத்தியைவிடக் கடல் தாழைதான் பெரும்பரப்பு. ஓராக் குஞ்சுகளுக்கும் விளமீன் குஞ்சுகளுக்கும் அதுதான் வளர்ப்பிடம். தள்ளுமடி அதை அடியோடு வழித்துக்கொண்டு போகிறது. பவளத்துக்கு வேலி போட்டுத் தாழையைத் திறந்துவிட்டால், மேய்ப்பவர்கள் எங்கிருந்து வருவார்கள்? ஆவுளியா என்ற கடற்பசுவுக்காக 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது இந்த வகையில் நல்ல காரியம். ஒரு பிராணியின் பெயரில் வந்தாலும் அது காப்பது ஒரு புல்வெளியை. ஆவுளியாவும் வெறும் காட்சிப் பிராணி இல்லை. அது மேய்வதால் தாழைப் பரப்பில் இளம்புல் தழைக்கிறது, அதன் சாணத்தில் விதைகள் இடம்பெயர்கின்றன.

மேலே விட்ட இரண்டாவது சங்கதிக்கு இப்போது வருகிறேன். கீழக்கரைப் பக்கம் பார் எனப்படும் பவளத்திட்டை ஒட்டிக் கூடு வைத்துப் பிடிப்பது பழைய தொழில். கூட்டில் விழுபவற்றில் களவாய், விளமீன், ஓரா, கிளிமீன் எல்லாம் உண்டு. சுரண்டும் கிளிமீனும் நறுக்கும் ஓராவும் இரண்டு தனி வேலைக்காரர்கள், ஒருவர் போனால் ஓரளவுக்கு மற்றவர் சமாளிப்பார் என்று ஏட்டில் எழுதலாம். ஆனால் இருவரும் நுழைவது ஒரே கூட்டுக்குள். ஒரே ஆபத்தில் இரண்டும் போகுமானால் அவை ஒன்றுக்கொன்று மாற்று ஆகாது. பட்டியலில் எத்தனை பாசியுண்ணி மீன் இருக்கிறது என்று எண்ணுவதற்கு முன், அவற்றில் எத்தனை கூட்டில் விழாதவை என்று எண்ணவேண்டும்.

பவளத்திலும் இதே கணக்கு உண்டு. 2010, 2016 வெப்ப ஆண்டுகளில் மன்னார் வளைகுடாப் பவளங்கள் பெருமளவில் வெளிறின. கிளைவிட்டு வேகமாக வளரும் அக்ரோபோரா போன்றவையே அதிகம் செத்தன. உருண்டைக் கல்லாக மெதுவாக வளரும் போரைட்டஸ் வகைகள் ஓரளவு தாங்கின. பவளப் பரப்பு இத்தனை சதவீதம் என்று ஒரே எண்ணைச் சொன்னால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். மீன் குஞ்சு ஒளிய இடம் தருவது கிளைகள்தான். கிளைகள் போய் உருண்டைகள் மிஞ்சினால் சதவீதம் ஓரளவு நிற்கலாம். வீடு கொடுக்கும் வேலை மிஞ்சாது. முன்பு சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டிய காலத்தில் அலைதடுக்கும் வேலை போய், பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கின. 21 என்று இன்னமும் ஒப்பிக்கிறோம்.

மேய்ச்சலுக்கு ஆளில்லாத பாசி எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் கிடைக்கிறது. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி, குருசடைத் தீவில் கிளைப்பவளங்களின் மேல் படர்ந்து மூடுவதை ஆய்வாளர்கள் 2008இல் பதிவு செய்தார்கள். அதற்குப் பிறகு வனத்துறை ஆள்வைத்துக் கையால் பிடுங்கவேண்டியதாயிற்று. மீன் கூலியில்லாமல் செய்யும் வேலைக்கு மனிதர் இறங்கினால் என்ன செலவாகும் என்பது அப்போது தெரிந்திருக்கும்.

கடல் அட்டையைப் பற்றியும் கொஞ்சம். கடலடி மணலை விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் அழுகலைச் செரித்து, சுத்தமான மணலைக் கழிப்பது அதன் வேலை. ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவுத் திட்டில் ஒரே ஒரு இனக் கடல் அட்டை ஆண்டுக்கு 64,000 டன்னுக்கு மேல் மணலைப் புரட்டுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பிரெஞ்சுப் பாலினேசியாவின் மொரேயா தீவில் கடல் அட்டைகளை எடுத்துவிட்ட இடங்களில் பவளம் நோயுற்றுச் சாவது பல மடங்கு கூடியதை 2024இல் வந்த ஆய்வு காட்டியது. இந்தியாவில் 2001 முதல் அதைப் பிடிக்க முழுத் தடை; லட்சத்தீவின் செரியபாணியில் 2020இல் அதற்கென்றே 239 சதுர கிலோமீட்டரில் ஒரு காப்பகமும் வந்தது. பாக் நீரிணைக்கு அந்தப்பக்கம் இலங்கையிலோ உரிமம் வாங்கிப் பிடிக்கலாம். கடத்தலுக்கு இதைவிட வசதி வேண்டுமா? தடையை நீக்கச் சொல்லும் மீனவர்கள், அட்டை இன்னும் கிடைக்கத்தான் செய்கிறது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் கடல் அட்டை முட்டையையும் விந்தையும் நீரில் விட்டு இனம்பெருக்குவது. அருகருகே இருந்தால்தான் இரண்டும் சேரும். ஆங்காங்கே ஒன்றிரண்டு இருப்பதால் குட்டியும் வராது, மணலும் புரளாது. இங்கே கேட்கவேண்டிய கேள்வி 'இருக்கிறதா' என்பதில்லை, 'ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை' என்பது.

வேலையை அளப்பது அப்படியொன்றும் பெரிய செலவில்லை. கட்டக்கோரை என்று நம் ஊரில் சொல்லும் சர்காசத்தில் ஒரு கைப்பிடியை எடைபோட்டுப் பாரில் கட்டிவிட்டு, எதிரே ஒரு சிறிய நீர்க்காமிராவை வைத்து, மறுநாள் எடுத்து மறுபடி எடைபோட்டால் போதும். எவ்வளவு போயிற்று என்பது தராசில் தெரியும். யார் தின்றார் என்பது படத்தில் தெரியும். உலகெங்கும் ஆய்வாளர்கள் செய்வது இதைத்தான். பாரைத் தெரிந்தவர்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. பாசி எடுக்கும் ராமநாதபுரத்துப் பெண்கள் மரிக்கொழுந்துப்பாசி எங்கே கிடக்கும், எந்த மாதத்தில் முற்றும் என்று தலைமுறைகளாக அறிந்தவர்கள். மாதத்தில் சில நாள்தான் எடுப்பது, இனப்பெருக்க காலத்தில் நிறுத்துவது என்று தங்களுக்குள் விதியும் வைத்துக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. பூங்கா விதிகளோ அவர்களை முதன்மையாக அத்துமீறுபவர்களாகவே பார்த்துவந்திருக்கின்றன. அவர்கள் கட்டக்கோரையை எடுப்பதும் ஒருவகை மேய்ச்சல்தானா, அதனால் பவளத்துக்கு நன்மையா தீமையா என்பதை அவர்களோடு சேர்ந்தே அளந்து பார்க்கலாம்.

கூட்டுக்கும் வழி இருக்கிறது. கரீபியனின் குராசாவில் ஆய்வாளர் அயானா ஜான்சன் கூட்டின் மூலையில் நெட்டுக்குத்தாக ஓர் ஒடுக்கமான இடுக்கு விட்டுப் பார்த்தார். சர்ஜன் மீன் போன்ற தட்டை உடம்பு மீன்களும் குஞ்சுகளும் அதன் வழியே வெளியேறின. விலைபோகும் மீன் உள்ளே தங்கியது. மீனவரின் வருமானம் குறிப்பிடும்படி குறையவில்லை. கென்யாவிலும் இதே மாதிரிக் கூட்டைச் சோதித்திருக்கிறார்கள். நம் ஓராவும் தட்டை உடம்புதான். எத்தனை விரல் அகலம் விட்டால் எந்த அளவு ஓரா தப்பும் என்பதைக் கீழக்கரையில் கூடு முடைபவர்களை வைத்தே பார்த்துவிடலாம். பெரிய கிளிமீனுக்கு இந்த இடுக்கு உதவாது. அது உருண்டு திரண்ட மீன், வெளியே வராது. அதற்குத்தான் பெலிஸ் 2009இலும் பொனேர் தீவு 2010இலும் கிளிமீன் பிடிப்பதையே தடைசெய்தன. பொனேர் கூடுகளையும் படிப்படியாக நிறுத்தியது. அப்படியொரு தடை இங்கே வந்தால் கூட்டுக்காரருக்குப் பிடியில் எவ்வளவு குறையும், அதை யார் ஈடுகட்டுவது என்ற கணக்கை, தடை உத்தரவு எழுதுவதற்கு முன்பே போட்டாகவேண்டும்.